பலூன் கடைக்காரியும் லைன்மேனும்

என் அக்கா பலூன் கடை வைத்திருக்கிறாள். அத்தான் மின்சார அலுவலகத்தில் லைன்மேன். பொருத்தம் பார்த்தவர்கள் இதைப் பார்க்கவில்லை. அக்கா விற்கும் பளபள ஃபாயில் பலூன் யார் கையிலிருந்தாவது நழுவும், மின்கம்பியில் போய் மாட்டும், டப்பென்று பொறி பறந்து நாலு தெரு இருண்டுவிடும். உடனே அத்தானுக்குப் போன். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு கிளம்புவார். முணுமுணுக்கக்கூட மாட்டார். கோபம் என்று ஒன்று அந்த மனுஷனுக்கு உண்டா என்று எனக்குச் சந்தேகம்.

கடையில் அக்காவுக்குக் கைகொடுப்பவள் நான்தான். சாதாரண ரப்பர் பலூனில் என்ன மிஞ்சும், காற்றுதான். கடை வாடகை, என் சம்பளம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஃபாயில் பலூனில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தடை செய்யலாமா என்று நகரசபை ஒரு கூட்டம் போட்டது. கம்பம் ஏறுகிற ஆள் ஒருவர் வந்து பேசவேண்டுமாம். அலுவலகம் யாரை அனுப்பியது? வேறு யாரை, எங்கள் அத்தானைத்தான்.

காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள்ளுங்கள் என்றாள் அக்கா. தனக்குப் பொய் வராது என்றார் அவர். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. உப்பு வேண்டுமென்றால்கூட என் மூலமாகத்தான் கேட்டார்கள். எனக்கு வேறு வேலையே இல்லை பாருங்கள்!

கூட்டத்தில் அத்தான் நிதானமாகவே பேசினார். பலூனின் உலோகப் பூச்சு இரண்டு கம்பிகளைத் தொட்டால் என்ன ஆகும், கூட வேலை செய்பவரின் முகம் எப்படி வெந்தது, அவ்வளவுதான். பின்வரிசையிலிருந்து ஃபாயில் பலூனை வைத்துப் பிழைக்கும் ஒரு மேடை அலங்காரக்காரர் குரல் கொடுத்தார்.

"வீட்டம்மா பிள்ளையைக் கிள்ளுறாங்க, இவரு வந்து தொட்டிலை ஆட்டுறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா எழுந்தாள். கடைக்காகத்தான் பேசப்போகிறாள் என்று நினைத்தேன். என்ன சொல்லவேண்டும் என்று முதல் நாள் என்னிடம் ஒப்பித்துக் காட்டியிருந்தாள். அதில் ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை.

"அவருக்குப் போன் வந்தா, அது என் கடை பலூனா இருக்கக் கூடாதேன்னுதான் எனக்கு முதல்ல தோணுது. அவர் நல்லபடியா இறங்கி வரணும்ங்கிறது அதுக்கப்புறம்தான். இப்படி ஒரு நினைப்பு எனக்கு வேண்டாம். தடை போட்டுருங்க."

சபையோ முடிவை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தது. ஆற அமர யோசிப்பார்களாம்!

மூவரும் நடந்தே வீடு வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அத்தான் அக்காவிடம் சொன்னார்.

"ஏறும்போது எனக்கும் அதான் முதல்ல தோணும். நம்ம கடையோடதா இருக்கக் கூடாதேன்னு. பெல்ட்டைச் சரியா மாட்டினேனான்னு பாக்கிறதே அப்புறம்தான்."

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அத்தான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

காலையில் கடையைத் திறந்ததும் ஜன்னலில் மிதந்த ஃபாயில் பலூன்களை ஒவ்வொன்றாக இறக்கிக் காற்றைப் பிடுங்கினாள். என் சம்பளம் என்னாகும் என்று நான் கேட்கவில்லை. மறுபக்கத்திலிருந்து நானும் இறக்க ஆரம்பித்தேன்.