நாணல் ஓரத்து வலை

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்காத ஆளை அவள் தன் குடும்பத்தில் கண்டதே இல்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்த்த லிஃப்டில் தானே ஏறி மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போய், கட்டடத்துக்காரர்கள் கும்பிடாத குறையாகக் கெஞ்சும் வரை இறங்க மாட்டார். அம்மா துணிக்கடையில் பில் போடுகிறவள். அடுப்பை அணைத்தோமா என்ற கேள்வியோடுதான் தினமும் பஸ் ஏறுவாள். இந்த இரண்டு பேருக்கும் பிறந்த பெண் வேறு எப்படி இருப்பாள்? விடைத்தாளில் பதிவு எண்ணைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, கண்காணிப்பாளர் பிடுங்காத குறையாக வாங்கும்போதுதான் கொடுப்பாள்.

இப்படிப்பட்டவளைக் கல்லூரி கடல் தாண்டிக் களப்படிப்புக்கு அனுப்பியது. சதுப்பு நிலத்துப் பறவைகளைப் பற்றி ஒரு பருவம் முழுக்கப் பயிற்சி. வீட்டில் யாரும் தடுக்கவில்லை. அப்பா மட்டும், அவள் ஏறப்போகும் விமானத்துக்கு என்ன வயது இருக்கும் என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டு, யாரும் சொல்லாததால் அன்று சாப்பிடாமல் படுத்தார்.

முகாம் என்பது ஒரு பழைய பம்ப் கட்டடம். ஓர் அறையில் அடுக்குக் கட்டில்கள், இன்னோர் அறையில் நீள மேசை. வாசலில் சேறு காயாத ரப்பர் பூட்ஸ் வரிசை. வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் நாணலும் தண்ணீரும்தான். விடியும் முன்பே எழுந்து, நாணலை வெட்டி ஒதுக்கிய பாதைகளில் கம்பங்களுக்கு நடுவே வலை விரிப்பார்கள். தலைமுடி போல மெல்லிய கறுப்பு நூல் வலை. கிட்டே போனாலும் தெரியாது, பறவைக்கும் தெரியாது. மோதிய பறவை வலையின் தொங்கல் மடிப்பில் விழுந்து கிடக்கும். அடிக்கடி போய்ப் பார்த்து, சிக்கெடுத்து, துணிப்பையில் போட்டு மேசைக்குக் கொண்டு வருவார்கள். எடை பார்த்து, இறக்கையை அளந்து, காலில் சின்ன வளையம் மாட்டிப் பறக்க விட்டுவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் வலையைச் சுருட்டித் துணி நாடாவால் கட்டிவிட வேண்டும். கட்டாத வலையில் விழுந்த பறவை வெயிலிலும் தாகத்திலும் துடித்தே செத்துப்போகும்.

அதனால் அந்த முகாமில் ஒரு சட்டம். வலையைத் திறந்துபோட்டுவிட்டுப் போனவர் அங்கே மறுபடி பறவையைத் தொடக் கூடாது. மாணவரோ பேராசிரியரோ, எல்லாருக்கும் ஒரே சட்டம். அதை முதல் நாளே சொன்னவர், கல்லூரியிலிருந்து அவர்களை அழைத்து வந்த மேடம். அவரே ஒரு காலத்தில் அங்கே மாணவியாக இருந்தவர்.

சட்டத்தைக் கேட்டதுமே அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், சிக்கெடுக்கும் வேலை அவள் கைக்கு அப்படி வாய்த்துவிட்டது. மற்றவர்கள் வியர்த்து வழிந்து மேடத்தைக் கூப்பிடும் முடிச்சையெல்லாம் அவள் விரல்கள் பேசாமல் அவிழ்த்துவிடும். உள்ளங்கைக்குள் ஒரு கதிர்க்குருவியின் நெஞ்சு படபடவென்று அடிக்கும்போது, பிறந்ததிலிருந்து ஓயாமல் நச்சரித்துக்கொண்டிருந்த அவள் தலை முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டது. அந்த அமைதிக்காகவே அவள் விடியற்காலைக்குக் காத்திருந்தாள். இனி வாழ்நாள் பூராவும் இதுதான் என்று மனதுக்குள் முடிவுகூடச் செய்துவிட்டாள். வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை.

வலையைக் கட்டிய பிறகுதான் பழைய குணம் தலைகாட்டும். எல்லாரும் பசியோடு திரும்பும்போது இவள் மட்டும் மறுபடி ஒரு சுற்று போய் ஒவ்வொரு நாடாவையும் இழுத்துப் பார்ப்பாள். சாப்பாடு ஆறிப்போகும். 'செக்கிங்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவள் அவளோடு ஜோடியாக வேலை செய்த நெட்டை. நாணலுக்கு மேலேயே தலை தெரிகிற உயரம், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத வாய். "செக்கிங் வந்தாச்சா, இப்ப சாப்பிடலாமா?" என்பாள். இவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்காது.

ஒருநாள் மேடம் தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "உன் கையை நீயே நம்பலைன்னா கூட இருக்கிறவங்க எப்படிம்மா நம்புவாங்க? கட்டினா கட்டினதுதான். இனிமே திரும்பிப் போகாதே" என்றார். அவள் தலையாட்டினாள். அன்றிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாம் சுற்றை விட்டாள். முதல் சில நாட்கள் சோறு இறங்கவில்லை. பிறகு மெல்லப் பழகியது. தானும் மற்றவர்களைப் போல ஆகிவிட்டோம் என்று கொஞ்சம் பெருமைகூட வந்தது.

அப்படி இருக்கும்போதுதான் தீவுக்குப் போகும் நாள் வந்தது. கடற்பறவைகள் முட்டையிடும் தீவு அது. அந்தப் பருவத்தில் அவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் அனுமதி கிடைத்திருந்தது. வந்த நாளிலிருந்து எல்லாரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். காலை வேலையைச் சீக்கிரமே முடித்து, வேனில் துறைமுகம் போய், மதியப் படகைப் பிடிக்க வேண்டும். ராத் தங்கல் தீவில். முகாமைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரரும் லீவு போட்டுவிட்டார்.

அவளும் நெட்டையும் வலைகளைக் கட்டிக்கொண்டே வந்தார்கள். நாணல் ஓரத்து வலைக்கு வந்தபோது கீழ் மடிப்பில் ஒரு குருவி. நாக்கில் நூல் மாட்டிக்கொண்டிருந்தது. அவசரப்பட்டால் நாக்கு அறுந்துவிடும். ஏற்கெனவே சேர்ந்த பைகளை எடுத்துக்கொண்டு நெட்டை மேசைக்கு ஓடினாள். இவள் மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நூலை எடுத்தாள். எடுத்ததும் ஒரு சந்தோஷம். குருவியைப் பையில் போட்டு மேசைக்குக் கொண்டுபோனாள். வளையம் போட்டுப் பறக்க விட்டார்கள். அதற்குள் வேன்காரர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். அவள் ஓடிப்போய்க் கடைசி வலையைக் கட்டிவிட்டு, ஓடிவந்து ஏறிக்கொண்டாள்.

வேன் நல்ல சாலையைப் பிடித்ததும் பாட்டு தொடங்கியது. பிஸ்கட் பொட்டலம் கைமாறி வந்தது. ஒன்றை எடுத்து வாயில் போடப் போனவள் கையை அப்படியே நிறுத்தினாள். கடைசி வலையில் நாடா கட்டியதை விரல் சொன்னது. நாணல் ஓரத்து வலையில் குருவியை எடுத்ததையும் சொன்னது. அதற்குப் பிறகு அந்த வலையைப் பற்றி விரல் ஒன்றுமே சொல்லவில்லை.

இது பழைய வியாதி என்று தன்னையே அதட்டிப் பார்த்தாள். எத்தனை தடவை இப்படிப் பதறி ஓடிப் பார்த்திருக்கிறாள், ஒரு தடவையாவது பூட்டு திறந்திருந்ததா? இல்லவே இல்லை. ஜன்னல் கம்பியைத் தொட்டாள். வெயிலில் சுட்டது. உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

பக்கத்தில் கண்ணை மூடியிருந்த நெட்டையின் தோளைத் தொட்டாள். நாணல் ஓரத்து வலையைக் கட்டினது யார் என்று மெல்லக் கேட்டாள்.

நெட்டை கண்ணைத் திறக்கவில்லை. "நான்தான் கட்டினேன். போதுமா? தூங்கு."

அவளுக்கு அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பிடித்துக்கொண்டால் தப்பித்தாள். வலை திறந்தே கிடந்தாலும் பழி நெட்டைக்கு. ஆனால் மேசைக்கு ஓடும்போது நெட்டையின் இரண்டு கையிலும் பைகள் இருந்தன. அதற்குப் பிறகு மேசையை விட்டு நெட்டை நகரவும் இல்லை. வாயை அடைக்கச் சொன்ன பதில் இது என்று தெரிந்துகொண்டே அவள் இன்னும் கொஞ்ச தூரம் சும்மா இருந்தாள். அந்தக் கொஞ்ச தூரத்தை நினைத்து அவள் பிறகு ரொம்ப வெட்கப்பட்டாள்.

வலை கட்டியிருந்தால், தீவுப் பயணத்தைக் கெடுத்த பைத்தியம் என்று ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் சொல்லுவார்கள். கட்டாமல் இருந்தால், இனி அவள் கைக்குள் ஒரு நெஞ்சும் துடிக்காது. எப்படிப் பார்த்தாலும் வாயைத் திறந்தால் நஷ்டம் அவளுக்குத்தான். திறக்காவிட்டால் நஷ்டம் நாணலில் பறந்துகொண்டிருக்கும் ஏதோ ஒன்றுக்கு. நாளை சாயங்காலம் வரை அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கிடையாது. உள்ளங்கை வேர்த்துப் பிஸ்கட் மாவாகிவிட்டது.

எழுந்து, இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய் மேடத்திடம் சொன்னாள். பாட்டு நின்றது.

"நிச்சயமாத் தெரியுமா?" என்றார் மேடம்.

"இல்லை மேடம். கட்டலைன்னும் தெரியாது, கட்டினேன்னும் தெரியாது."

பின்னாலிருந்து ஒருவன், செக்கிங்குக்கு வெளிநாடு வந்தும் குணமாகலையே என்று முனகினான். யாரும் சிரிக்கவில்லை. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். பிறகு அந்த ஊர் மொழியில் வேன்காரரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னார். இனி மதியப் படகு கிடைக்காது என்று எல்லாருக்கும் தெரியும். தீவுக்காகப் புதுக் கேமரா வாங்கியிருந்த பையன் அதைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்த சத்தம்தான் கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, தன் பயம் வீண் பயமாகவே இருக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். எல்லாரும் காறித் துப்பினாலும் பரவாயில்லை, வலை மட்டும் கட்டியிருந்தால் போதும்.

தூரத்திலிருந்து வலை தெரியாது. நாணல் ஓரத்தில், காற்றுக்குள் ஏதோ சின்னச் சின்னதாகத் தொங்குவதுதான் முதலில் தெரிந்தது.

அவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டு வந்தவர்கள்தான் அவளைத் தாண்டி ஓடினார்கள். ஆளுக்கொரு பறவையாகச் சிக்கெடுத்தார்கள். ஒருத்தி தன் துப்பட்டாவைப் பிடித்து நிழல் கொடுத்தாள். மேல் மடிப்பில் இருந்த ஒன்று அசையவில்லை. மேடம் அதை எடுத்து, விரலால் நெஞ்சைத் தொட்டுப் பார்த்து, தன் தொப்பிக்குள் வைத்தார்.

"இது யார் பொறுப்புல இருந்த வலை?"

நெட்டை முன்னால் வந்தாள். "நான் கட்டினேன்னு இவகிட்ட சொன்னேன் மேடம். கட்டலை. பொய்தான்."

"அது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல. நான் கேட்டது வலையைப் பத்தி."

"என் வலை மேடம்" என்றாள் அவள்.

மேடம் தொப்பிக்குள் பார்த்தார். "திரும்பிப் போய்ப் பார்க்காதேன்னு சொன்னவ நான். அது என் தப்பு" என்றார். "ஆனா சட்டத்தை நான் மாத்த முடியாது." சட்டம் சரிதான் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அழுகை அவ்வளவு வந்தது.

கீழ் மடிப்பில் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. இறக்கை, கால், கழுத்து எல்லாவற்றிலும் நூல் சுற்றி ஒரு பந்து போலக் கிடந்தது. கேமராக்காரப் பையன் முயன்று பார்த்துக் கையை எடுத்துவிட்டான். மேடம் குனிந்து பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"நான் தொடக்கூடாதே மேடம்."

"இது செத்துப்போகும். இதை எடுத்துட்டு அப்புறம் தொடாதே."

அவள் மண்டியிட்டாள். கண்ணீரில் நூல் மங்கியது. தோளில் துடைத்துக்கொண்டாள். முதலில் கால், அப்புறம் இறக்கை, கடைசியில் கழுத்து. விரல்கள் அவசரப்படவில்லை. சுற்றி நின்றவர்கள் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்டது. கடைசி நூல் விலகியதும் அந்தக் குருவி அவள் உள்ளங்கைக்குள் முழுசாக வந்து உட்கார்ந்தது. அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. இன்னும் கொஞ்சம் வைத்திருக்கலாமா என்று அவளுக்கு இருந்தது. வைத்திருக்கவில்லை. கையை விரித்தாள். அது தாழப் பறந்து நாணலுக்குள் போய்விட்டது.

அவள் எழுந்து முழங்கால் சேற்றைத் துடைத்தபடி ஓரமாகப் போய் நின்றாள். வலையைச் சுருட்டிக் கட்டும்படி மேடம் நெட்டையிடம் சொன்னார்.