சாச்சி பிழையாகப் பாடிய பாட்டு

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அப்படி எங்கள் வீட்டுக்கு வந்தவர்தான் சாச்சா, என் உம்மாவின் தங்கை சாச்சியைக் கட்டியவர். ஓட்டோ ஓட்டுவார். பள்ளிக்கூடம் விட்டதும் என்னை ஏற்றிக்கொண்டு, கல்முனைக் கடைத்தெருவை ஒரு சுற்றுச் சும்மா காட்டிவிட்டுத்தான் வீட்டில் இறக்குவார்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஓட்டோவுக்குக் கொட்டகை போட முற்றத்து மாமரத்தை யாரிடமும் கேட்காமல் வெட்டிவிட்டார் என்பதில் தொடங்கிய சண்டை. "இது என்ட வாப்பா கட்டின வீடு. நீங்க ஆரு இதுல கை வைக்க?" என்று சாச்சி எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். சாச்சா செருப்புக்கூடப் போடாமல் ஓட்டோவை எடுத்துக்கொண்டு இறக்காமம் ஊரில் இருக்கும் தன் உம்மா வீட்டுக்குப் போனவர், நோன்புப் பெருநாளுக்கும் வரவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் சாச்சி ஓடிவந்து பெயரைப் பார்ப்பார். பிறகு பேசாமல் உம்மாவிடம் கொடுத்துவிடுவார்.

அந்த நேரத்தில்தான் பெரியம்மாவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, பெண்ணுக்கு மருதோன்றி வைக்கப் பெண்களெல்லாம் பெரியம்மா வீட்டில் கூடினார்கள். றபான் என்னும் கைப்பறையைத் தட்டி ஒவ்வொரு பாட்டாகப் பாடினார்கள். நான் காத்திருந்தது ஒரே பாட்டுக்குத்தான். மைனிமாரின் கேலி தாங்காமல் வீட்டைவிட்டு ஓடிப்போன புதுமாப்பிள்ளையைப் பற்றிய பாட்டு அது.

"போறன் எண்டு சொல்லாமப் போன மச்சானே,
செருப்பு ரெண்டும் இங்க கிடக்கு, காலு எங்க போச்சு?"

'காலு எங்க போச்சு' என்றதும் பிள்ளைகள் எல்லோரும் நிலம் அதிரக் காலை உதைக்க வேண்டும். ஆனால் அன்று அந்தப் பாட்டை ஒருவரும் எடுக்கவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, "செருப்புப் பாட்டுப் படிங்க!" என்று கத்தினேன். உம்மா என் தொடையில் கிள்ளினார்.

"ஏன் புள்ளைய கிள்ளுறீங்க ராத்தா? நான் படிக்கிறன்" என்றார் சாச்சி.

றபானை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். தட்டவில்லை. தாலாட்டைப் போல, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து மெதுவாகப் பாடினார். ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் ஓடிப்போன மாப்பிள்ளையின் கேலிப் பாட்டு, வாசலில் நின்று ஒருத்தி கேட்கும் கேள்வியாகிவிட்டது. கடைசி வரிக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்தினார். அந்த இடத்தில் நான் மட்டும் காலை உதைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியம்மா முக்காட்டுத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். எனக்கு அழுகை வந்தது, நல்ல பாட்டைக் கெடுத்துவிட்டாரே என்று.

மறுநாள் கலியாணச் சாப்பாட்டுக்குச் சாச்சா வந்திருந்தார். ஆண்கள் பக்கத்தில் இருந்தவர் கை கழுவிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"என்ன மகள், நேத்து பாட்டெல்லாம் நல்லா நடந்ததா?"

"இல்ல சாச்சா. சாச்சி செருப்புப் பாட்டப் பிழையாப் படிச்சிட்டாங்க."

"எப்பிடிப் படிச்சா?"

சாச்சி இழுத்த மாதிரியே, அந்த மூச்சையும் நிறுத்திப் பாடிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "இன்னொருக்காப் படிங்க" என்றார். பாடினேன். குனிந்து மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஓம் மகள், பிழைதான்" என்றார்.

வெற்றி எனக்குத்தான். பெண்கள் பக்கம் ஓடினேன். சாச்சி இனிப்பு வட்டிலாப்பம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"சாச்சி, சாச்சாவும் பிழை எண்டுதான் செல்றார்!"

கத்தி நின்றது. "ஆருட பிழையாம்?"

பாடியது யார்? "ஒங்கடதான்!" என்றேன்.

சாச்சி என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிழை என்று சொன்னதற்குச் சிரிக்கிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"போய்ச் சாச்சாட்ட செல்லுங்க மகள்" என்றார். "எனக்கு நடக்க ஏலாதாம், பின்னேரம் ஓட்டோவக் கொண்டு வரட்டாம் எண்டு."

எங்கள் வீடு அங்கிருந்து இரண்டு வேலி தள்ளித்தான் இருந்தது. இந்தத் தூரத்துக்கு எதற்கு ஓட்டோ என்று யோசித்துக்கொண்டே ஆண்கள் பக்கம் ஓடினேன்.