மாமாவின் ஹெட்போனை நான் திருத்திய கதை

ஹெட்போன்களை மைக் வைத்து அளந்து, ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து பார்ப்பது என் பொழுதுபோக்கு. கோடு சரியாக வந்தால் ஒலியும் சரி என்று நம்பியிருந்தேன்.

போன வருடம் அம்பத்தூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அக்கா கணவரான மாமாவின் ஹெட்போனை மாட்டியதும் என் காது கூசியது. போனில் ட்ரெபிளை, அதாவது கூர்மையான மேல் ஒலிகளை, உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தார்.

"இப்டி கேட்டா காது இன்னாத்துக்கு ஆவுறது மாமா?" என்று சிரித்தபடி, என் அளவுகளின்படி எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தேன். அவரும் தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து, கோவையில் வேலை பார்க்கும் அவர் மகள் எனக்குப் போன் செய்தாள்.

"அப்பாவுக்கு எம்மேல கோவமா மாமா? எவ்ளோ பேசி வாய்ஸ் மெசேஜ் அனுப்புனாலும் ‘சரிம்மா’ன்னு மட்டும்தான் பதில் வருது."

எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே போய் மாமாவிடம் கேட்டேன்.

"தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்புல முப்பது வருசம், அந்த சத்தத்துல காது மந்தமாயிடுச்சு மச்சான். நீ மாத்துனதுலேர்ந்து அவ குரல் கேக்குது, வார்த்தைதான் புரில. நீ படிச்சவன், கரீட்டாத்தான் வெச்சிருப்பேன்னு உட்டுட்டேன்."

போனை அவரிடமே நீட்டி, "உங்களுக்குப் புரியற மாதிரி வைங்க" என்றேன். மகளின் பழைய செய்தியை ஓடவிட்டபடி ட்ரெபிளை மெல்ல ஏற்றினார். பழைய உச்சத்துக்கே வந்ததும் அவர் கை நின்றது.

"போன வாரமே பல்லு வலிக்குதுன்னு சொல்லிகீதே கொயந்த! நா கேக்கவே இல்லியே..."

உடனே அவளைக் கூப்பிட்டார். நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

இன்றும் அளக்கிறேன். என் கோடுகள் பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்பவரின் காதைப் பற்றி அவரிடம் விசாரிக்காமல் இப்போது எதையும் திருத்துவதில்லை.