மாப்பிள்ளைக்கு ஒரு மணிக்கூடு

போன மாதம் கொழும்பில் தங்கச்சியின் மகன், என் பெறாமகன், என்னை ஒரு மணிக்கூட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அதைக் கடை என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும்போல இருந்தது. வாசலில் கோட் போட்ட ஒருவர் கதவைத் திறந்து பிடித்தார். உள்ளே வெள்ளைக் கையுறை போட்ட பெண்பிள்ளை ஒருத்தி, ஆஸ்பத்திரியில் பெரிய வருத்தக்காரரோடு கதைப்பதுபோலத் தணிந்த குரலில், "என்ன குடிக்கிறீங்க அம்மா?" என்று கேட்டாள். எங்கிருந்தோ ஒரு வாசனை வந்துகொண்டிருந்தது. ரோசாப்பூவும் இல்லை, ஊதுபத்தியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. பெறாமகன் ஒரு மணிக்கூட்டின் விலையைக் கேட்டுவிட்டு, கேட்டது தானில்லை என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அவனைக் கவனிக்கவில்லை. அந்த வாசனை அதற்குள் என்னை வவுனியாவில் கொண்டுபோய் விட்டிருந்தது.

அங்கே நான் வேலை செய்த கடையின் முதலாளியும் வாசனையில் நம்பிக்கை உள்ளவர். அறுபதுகளின் தொடக்கம் அது. எஸ்.எஸ்.சி. பரீட்சையும் நானும் இரண்டு முறை சந்தித்து, இரண்டு முறையும் ஒத்துவராமல் பிரிந்திருந்தோம். உருத்திரபுரத்தில் எங்களுக்குக் குடியேற்றக் காணி. "படிப்பு வராட்டில் நாத்து நட வா" என்று ஐயா சொல்லிவிட்டார். நாற்று நடுவது எவ்வளவு நல்ல வேலை என்று கதைப்பவர்களை நான் பிறகு நிறையச் சந்தித்திருக்கிறேன். அவர்களில் ஒருவரும் நட்டவர்கள் இல்லை. நான் வவுனியாவில் சின்னம்மா வீட்டுக்கு ஓடிப்போய், கடைத்தெருவில் இருந்த நகை, மணிக்கூட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

ஒரு பெண்பிள்ளையைக் கடையில் நிறுத்துவது அந்த நாளில் பெரிய கதை. முதலாளி முற்போக்குவாதி என்று நினைத்துவிட வேண்டாம். காப்பு வாங்க வரும் பெண்கள், ஆண்பிள்ளைகளிடம் கையை நீட்ட மாட்டோம் என்று திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். போகிற வியாபாரத்தைப் பிடித்து நிறுத்தவே என்னை எடுத்தார். என் முழுத் திறமையும் சவர்க்காரத் தண்ணீர் தடவி, எந்தக் கைக்கும் எந்தக் காப்பையும் ஏற்றுவதில் இருந்தது.

ஒருமுறை முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு ஒரு சோடிக் காப்பு ஏற்றினேன். ஏறியது, இறங்கவில்லை. சவர்க்காரம், தேங்காயெண்ணெய், ஈரத்துணி எல்லாம் போட்டு இழுத்தோம். புருசன் வேர்த்துப்போய் நின்றார். "கழட்ட ஏலாதெண்டால் வாங்கத்தானே வேணும்" என்று கடைசியில் அவரே சொன்னார். மனுசி அந்தப் பக்கம் திரும்பி எனக்கு மட்டும் தெரியக் கண்ணடித்தாள். அதுவரை அவள் பெருவிரலை விறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

வாசனைக்கு வருகிறேன். முதலாளி ஒருமுறை கொழும்புக்குப் போய்க் கோட்டையில் வெள்ளைக்காரர் காலத்துப் பெரிய நகைக்கடை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். போனவர் ஒருவர், வந்தவர் வேறொருவர். அடுத்த நாளே வாசலில் சிவப்புக் கம்பளம் விரித்தார். உள்ளே வருகிற எல்லோருக்கும் செம்பிலிருந்து பன்னீர் தெளிக்கச் சொன்னார். ஒறேஞ் சோடா கொடுக்கச் சொன்னார். 'இல்லை' என்ற சொல் இனிமேல் இந்தக் கடையில் வாயிலேயே வரக்கூடாது என்றார்.

"வாறவை எல்லாரையும் மாப்பிள்ளை மாதிரிக் கவனிக்க வேணும்" என்றார்.

சன்னலோரம் கண்ணில் குழாய்க்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு மணிக்கூடு திருத்துகிற மீரான் நானா தலையை நிமிர்த்தவில்லை. "அப்ப உண்மையான மாப்பிள்ளை வந்தா என்ன செய்யிற முதலாளி?" என்று மட்டும் கேட்டார்.

கம்பளத்தால் வந்த உபத்திரவம் சொல்லி முடியாது. வயலிலிருந்து வருகிற கமக்காரர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கால் மண் பட்டுவிடும் என்று கம்பளத்தைத் தாண்டிப் பாய்ந்து உள்ளே வந்தார்கள். வயது போனவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரத்தால் நடந்தார்கள். பன்னீர் பட்டதும் ஒருவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு, "ஆரின்ர கலியாணம் பிள்ளை?" என்று என்னைக் கேட்டார். கொக்கிளாயிலிருந்து வந்த ஒரு மீன்பிடிகாரர், தண்ணீர் போகாத மணிக்கூடு என்று நான் சொன்னதைக் கேட்டு, மறுபேச்சில்லாமல் அதைத் தன் சோடாக் கிளாசுக்குள் போட்டுவிட்டு எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி மேசையைப் பிடித்துக்கொண்டார். மணிக்கூடு சோடாவுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மனிதர் அதை எடுத்துச் சாரத்தில் துடைத்துக் கையில் கட்டிக்கொண்டு, மிச்சச் சோடாவையும் குடித்துவிட்டுப் போனார். அன்று முழுக்கக் கடையில் கருவாட்டு வாசம். பன்னீர் தோற்றுப்போனது.

உண்மையான மாப்பிள்ளையும் ஒருநாள் வந்தார்.

மல்லாவிப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர், மனைவியையும் மகள் தவமணியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். தவமணிக்கு என் வயதுதான் இருக்கும். கலியாணத்துக்கு நாள் வைத்தாயிற்று. பெண்ணுக்கு ஓர் அட்டியலும் மாப்பிள்ளைக்கு ஒரு மணிக்கூடும் எடுக்க வேண்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே கடையில் நிற்பது அந்த நாளில் வழக்கமில்லை. ஆனால் மாப்பிள்ளைக்குக் கச்சேரி என்ற அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர் வேலை, எங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரம். பகல் சாப்பாட்டு நேரத்தில் வந்து மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தார். மல்லாவியிலிருந்து இரண்டு தரம் பஸ் பிடித்து அலைய இவர்களால் முடியாது. அதனால் வழக்கம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது.

மாப்பிள்ளை சப்பாத்தோடு கம்பளத்தின் நடுவால் நடந்து வந்தார். கம்பளம் விரித்த நாளிலிருந்து அதை உரிமையோடு மிதித்த முதல் ஆள் அவர்தான். முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

மேசையில் இரண்டு வெல்வெற் தட்டு வைத்தேன். ஒன்றில் தாயும் மகளும் பார்க்கிற அட்டியல்கள். மற்றதில் மாப்பிள்ளைக்கு மணிக்கூடுகள். முதலில் ஒரு நல்ல எவர்சில்வர் மணிக்கூட்டைக் காட்டினேன்.

"இதை எங்கட கந்தோரில பியோன் கட்டியிருக்கிறான்" என்றார்.

முலாம் பூசியதைக் காட்டினேன். "எங்கட சீஃப் கிளாக் கட்டுறது இதிலும் திறம்."

"தம்பிக்குப் பிடிச்சதைக் காட்டு பிள்ளை" என்றார் தகப்பன். அவர் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட சட்டை, மடிப்புக் கலையாமல் இருந்தது. பூச்சி உருண்டை மணத்தது. கொடுத்த சோடாவை இன்னும் தொடவில்லை.

அப்போதுதான் மற்றத் தட்டைக் கவனித்தேன். தாய், முதலில் எடுத்து வைத்திருந்த கல் அட்டியலை மெல்லத் தள்ளிவிட்டு, கல்லில்லாத ஒன்றை இழுத்து வைத்திருந்தா. மாப்பிள்ளை அடுத்த மணிக்கூட்டைக் கையில் எடுத்ததும் அதையும் தள்ளிவிட்டு, மெல்லிய சங்கிலி ஒன்றை எடுத்தா. இந்தப் பக்கம் மணிக்கூடு பாரம் கூடக் கூட, அந்தப் பக்கம் அட்டியல் மெலிந்துகொண்டு வந்தது. தவமணி இரண்டு தட்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"முழுப் பவுணில, சங்கிலியும் பவுணில ஒண்டு வாறதல்லோ? அது இருக்கோ?" என்றார் மாப்பிள்ளை.

இருந்தது. இரும்புப் பெட்டிக்குள் ஒன்றே ஒன்று. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"இல்லை" என்றேன்.

கடையில் செத்துப்போயிருந்த சொல் அது. மணிக்கூட்டுச் சக்கரத்தை இடுக்கியிருந்த மீரான் நானாவின் சாவணம் அப்படியே நின்றது. உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து முதலாளியின் குரல் அவரை முந்திக்கொண்டு வந்தது. "இருக்கு, இருக்கு. பிள்ளைக்குத் தெரியாது." அந்த மணிக்கூட்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்து மாப்பிள்ளைக்கு முன்னால் வைத்தார். தாயின் கை அந்த மெல்லிய சங்கிலியின் மேலேயே இருந்தது. அதற்குக் கீழே தள்ளி எடுக்க இனி ஒன்றும் இல்லை.

"முதலாளி, அதை ஒருக்கா இஞ்ச தாங்கோ" என்றாள் தவமணி.

முதலாளிக்கு எதையும் மறுத்துப் பழக்கமில்லை. கொடுத்தார். அவள் அதைத் தன் கையில் போட்டுப் பார்த்தாள். அது முழங்கை வரை வழுகிப் போனது.

"அது ஆம்பிளையள் கட்டுறது" என்றார் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு.

"தெரியும். நேரம்தான் காட்டுதோ, வேற ஏதும் காட்டுதோ எண்டு பாத்தனான்." கழற்றித் தட்டில் வைத்தாள். "ஏன், உங்கட கந்தோரில சுவர் மணிக்கூடு இல்லையோ?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உப்பு இருக்கிறதா என்று குசினியில் கேட்கிறமாதிரித்தான் கேட்டாள்.

மாப்பிள்ளையின் காது சிவந்தது. தகப்பன் பக்கம் திரும்பினார். "என்ன மாமா, பிள்ளை இப்பிடிக் கதைக்கிறா?"

தகப்பன் மேசையில் சூடேறிக்கொண்டிருந்த சோடாவை எடுத்தார். ஆறுதலாக, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். சால்வையால் வாயைத் துடைத்தார். பிறகு சொன்னார்.

"பிள்ளை கேட்டதுக்கு மறுமொழியைச் சொல்லுங்கோ தம்பி."

"நான் வீட்டில கதைக்கிறன்" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை கம்பளத்தின் நடுவாலேயே போய்விட்டார். போனபிறகுதான் தாய் அழத் தொடங்கினா. நாள் வைத்தாயிற்று, சொந்தமெல்லாம் சொல்லியாயிற்று, இனி இவளை ஆர் கேட்டு வரப்போகினம் என்று சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதா. அந்தக் காலத்தில் குழம்பின கலியாணம் ஒரு பெட்டையை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எனக்குத் தெரியாமலில்லை.

"அழாதை" என்றார் தகப்பன். என்னைப் பார்த்தார். "பொம்பிளையள் கட்டுற மணிக்கூடு இருக்கோ பிள்ளை?"

இருந்தது. சின்னதாக, வட்டமாக, கறுப்புத் தோல் வாரோடு ஒன்று கண்ணாடி அலுமாரியின் மூலையில் நெடுநாளாகக் கிடந்தது. தவமணி கையை நீட்டினாள். வாரைக் கொளுவும்போது மணிக்கட்டில் நாடி என் விரலுக்குக் கீழே கிடந்து அடித்தது. அவ்வளவு நேரமும் அவள் பதறாமல் கதைத்தாள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"இறுக்கமோ?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. கழண்டு போகாமல் இருக்கட்டும்."

அட்டியலைப் பிறகு பார்ப்போம் என்று வைத்துவிட்டு, அந்த மணிக்கூட்டோடு அவர்கள் பஸ்சுக்குப் போனார்கள்.

முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். 'இல்லை' என்று சொன்னதை விட்டுவிட்டார், அதைவிடப் பெரிய குற்றம் அவரிடம் இருந்தது. "ஒரு சம்பந்தத்தையே குழப்பிப்போட்டாய். பவுண் மணிக்கூடும் போச்சு, அட்டியலும் போச்சு."

"நீங்கதானே மாப்பிள்ளை மாதிரிக் கவனிக்கச் சொன்னீங்க" என்றார் நானா. "கவனிச்சு அனுப்பியாச்சு."

முதலாளி என்னை வேலையிலிருந்து நிறுத்தத்தான் இருந்தார். ஆனால் கதை எனக்கு முன்னால் ஊரெல்லாம் போய்விட்டது. 'கலியாணம் குழம்பின கடை'யைப் பார்க்கவென்றே பெண்கள் வந்தார்கள். செட்டிகுளத்திலிருந்து வந்தார்கள், ஓமந்தையிலிருந்து வந்தார்கள். வந்து, "அந்தப் பிள்ளை கட்டின மாதிரி ஒண்டு காட்டுங்கோ" என்றார்கள். தாய்மார் முறைத்தார்கள், மகள்மார் கையை நீட்டினார்கள். முதலாளி கொழும்புக்கு எழுதிப் பெண்களின் மணிக்கூடு எடுப்பித்தார். எடுப்பித்துவிட்டு, இதெல்லாம் தன் யோசனை என்று வருகிறவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார். நானும் தலையாட்டினேன். வேலை இருக்க வேண்டுமே.

சில வருசம் கழித்துத் தவமணி ஒருநாள் வார் மாற்ற வந்தாள். கூடவே புருசன், துணுக்காய்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர். மெலிந்த, சிரித்த முகமான மனிதர், கம்பளத்தைத் தாண்டிப் பாய்ந்து வந்தார். வார் மாற்றுகிற சாட்டில் அவருடைய கையைப் பார்த்தேன். வெறுங்கை.

"இவருக்கு மணிக்கூடு எடுக்கேல்லையோ?" என்று மெதுவாகக் கேட்டேன். வியாபாரம் ஒரு பக்கம், விடுப்பு அறிகிற ஆசை ஒரு பக்கம்.

"வேண்டாமாம். நேரம் வேணுமெண்டால் என்னைக் கேப்பாராம்" என்றாள். அவர் காது கேளாதவர்போல அலுமாரியில் மோதிரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். போகும்போது, "தவம், பஸ்சுக்கு நேரமாச்சோ?" என்று கேட்டார். அவள் கையைத் திருப்பிப் பார்த்துச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவர்களை நான் காணவில்லை. வெளிநாட்டுச் சாமான் இறக்குமதியை அரசாங்கம் இறுக்கியபிறகு கண்ணாடி அலுமாரி ஒவ்வொரு தட்டாக வெறுமையாகியது. முதலாளி கடையைப் புடவைக்காரருக்கு விற்றார். மீரான் நானா மகளோடு புத்தளம் போனார். பிறகு வந்த யுத்தகாலத்தில் அந்தத் தெருவே ஒரு பாட்டம் எரிந்தது. இப்போது அங்கே கைப்பேசி விற்கிறார்கள். பொடியன் ஒருவன் வாசலில் நின்று, போகிற வருகிற எல்லோரையும் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுகிறான்.

எனக்கு இப்போது குறையாகத் தெரிவது கடையில்லை. மணிக்கூடு கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால், அந்த நாளில் நாங்கள் பொதுச்சொத்து. பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒரு மனுசி கிட்ட வந்து, "பிள்ளை, நேரம் என்ன?" என்று கேட்பா. சொன்னதும் போகமாட்டா. எந்த ஊர், ஆரின்ர மகள், உருத்திரபுரத்தில் எத்தனையாம் வாய்க்கால் காணி என்று வந்து, பஸ் வருவதற்குள் எப்படியோ ஒரு சொந்தம் கண்டுபிடித்துவிடுவா. அதில் பாதி பொய்ச் சொந்தம்தான். ஆனாலும் பஸ்சில் பக்கத்தில் இருக்க இடம் பிடித்துத் தருவா.

கொழும்பிலிருந்து திரும்புகிறபோது வவுனியா பஸ் நிலையத்தில் நெடுநேரம் இருந்தேன். சுற்றிவர எத்தனையோ பேர் நின்றார்கள். எல்லோரும் தங்கள் தங்கள் கைப்பேசிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஒருவரிடமும் நேரம் கேட்கவில்லை.