கணக்கில் வராத நடுக்கம்

ஐந்தாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் பிரிந்துவிட்டோம். இருந்தாலும் பாண்டிச்சேரியில் கிதார் தூக்கித் திரிகிற பட்டதாரிப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். புரோகிரஸிவ் ராக் என்கிற மேல்நாட்டு இசைக்குக் காரைக்கால்மேட்டில் ஒரு கிழவர் இருக்கிறார் என்பார்கள். அந்தக் கிழவர் நான்தான். கிதாரும் வாசிப்பேன், கனத்த ஓசை எழுப்பும் பேஸ் கிதாரும் வாசிப்பேன். எவனும் சொல்லித் தரவில்லை.

குவைத்தில் கப்பல் பட்டறையில் இருந்தபோது உடன் தங்கியிருந்த கோவாக்காரனின் கேசட்டுகள்தான் என் பாடம். ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும். நடுவில் தாளம் நாலிலிருந்து ஏழுக்குத் தாவும். மற்றவர்கள் தலைவலி என்றார்கள். எனக்கு அது விசைப்படகு அலையேறி இறங்குவது போல இருந்தது. ஊர் திரும்பியதும் சொந்தமாகக் குழு வைத்தேன். வலை இழுத்துத் தடித்த விரல். பேஸ் தந்தியைக் கட்டைவிரலால் அடித்தால் கேட்கிறவன் நெஞ்சு அதிரும். கிதாரில் நான் வேகம் காட்டுவதில்லை. ஒரே சுரத்தை இழுத்து, அறுந்துவிடுமோ என்று கூட்டம் பயப்படும்வரை நிறுத்திவைப்பேன். என்னைப் போல அதைச் செய்தவன் இன்றுவரை இல்லை.

பிறகு பேஸை என் மனைவியின் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். வாசித்துக்கொண்டே பாடுவான். நான் பழக்கிய கை.

போன வருடம் எங்கள் ஊர் அம்மன் திருவிழாவில் வாசிக்கக் கேட்டார்கள். சந்நிதிக்கு எதிரே, மணலில் கம்பளம் விரித்ததுதான் மேடை. புழுதி அடங்க அடியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். பஞ்சாயத்துக்காரர் ஒருவர் வந்து, "செருப்பு, பூட்ஸ் எதுவும் வேணாங்க. ஆத்தா பாத்துக்கிட்டு இருக்கா" என்றார். கழற்றினோம். கம்பளத்தில் பாதம் வைத்ததும் ஈரம் ஏறியது.

மைக் சோதித்தபோது மச்சினன் உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

"எறும்பு கடிச்ச மாரி இருக்கு மாமா."

உடனே ஜெனரேட்டர்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "கடல் காத்துண்ணே, கொஞ்சம் புடிக்கத்தான் செய்யும்" என்று சிரித்தார். மச்சினனும் சேர்ந்துகொண்டான்: "பயமா இருந்தா நீங்க தள்ளி நில்லுங்க மாமா. எப்படியும் நீங்க பாடுனா கூட்டம் கலஞ்சிரும்."

பொழுது சாயும் நேரத்தில் ஆரம்பித்தோம். தாளம் ஏழுக்குத் தாவிய இடத்தில் பேஸ் ஒரே சுரத்தில் நின்றுவிட்டது. திரும்பினேன். அவன் உதடு மைக்கில். கை பேஸின் கழுத்தை இறுக்கியிருந்தது. கண் மேலே செருகி, உடம்பு நடுங்கியது.

"ஆத்தா வந்துட்டா!" என்று ஒரு பெண் கத்தினாள். குலவை எழுந்தது. சாமி வந்தவர் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பது எங்கள் ஊர் வழக்கம். இரண்டு பெண்கள் குடத்தோடு ஓடிவந்தார்கள்.

"ஊத்தாதீங்க!" என்றேன். டிரம்ஸ் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சாமி வருவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். வந்த உடம்பு உடுக்கையின் தாளத்தைப் பிடிக்கும், கால் தரையை மிதிக்கும். இவன் கால் அசையவே இல்லை. அந்த நடுக்கம் எந்தத் தாளத்திலும் இல்லை. எனக்குத் தெரியாத தாளம் கிடையாது. என் கிதாரின் வயரைப் பிடுங்கி எறிந்தேன். அதன் கழுத்துக் கட்டையைப் பிடித்துச் சுழற்றி மைக் ஸ்டாண்டை அடித்தேன். மைக் பறந்தது. அவன் மல்லாந்து விழுந்தான். மஞ்சள் தண்ணீர் வெறும் கம்பளத்தில் கொட்டியது.

பிழைத்துவிட்டான். இடது கையில் இரண்டு விரல் சரியாக மடங்கவில்லை. மிச்ச விரல்களை வைத்தே வாசிக்கப் பழக்கினேன். அதுவும் என்னால்தான் முடியும்.

ஆனால் ஊரில் யாரும் கரண்ட் என்று சொல்லவில்லை. "வந்த சாமிய அடிச்சு எறக்கிட்டீங்களே" என்றார் அதே பஞ்சாயத்துக்காரர். தெருவில் பெண்கள் மச்சினனை நிறுத்திக் குங்குமம் வாங்கிக்கொள்கிறார்கள். அவன் முடி வளர்க்கிறான். கேலி பேசுவதை விட்டுவிட்டான்.

இந்த வருடமும் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் நிற்க, கனமான ரப்பர் விரிப்பு வாங்கிப் போனேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இது எதுக்கு மாமா? ஆத்தா மண்ணு வழியாத்தான் ஏறுனா."

"அது கரண்டுடா."

"கரண்டா எம்பேரச் சொல்லிக் கூப்புட்டுச்சு?"

அவன் அக்காளை அனுப்பி அழவைத்தும் பார்த்தேன். கேட்கவில்லை. மைக்கிலும் பேஸிலும் நானே நிற்கிறேன் என்று பஞ்சாயத்தில் கேட்டேன். முடியாது என்றார்கள். அப்படியானால் நான் வரவே மாட்டேன் என்று மிரட்டினேன்.

"ஆத்தா வர்றதுக்கு கிதார் எதுக்குங்க?" என்றார் பஞ்சாயத்துக்காரர். "ஒங்க மச்சினரு ஒருத்தர் போதும்."

அதனால் போகிறேன். நாளை மறுநாள். அவனைக் கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு நிற்பேன்.