எதிர்த் தொட்டில்

மலேசியாவில், கோலசிலாங்கூர் கலங்கரை விளக்கக் குன்றின் அடியில், வருஷா வருஷம் மாசி மகத்துக்கு ராட்டினம் போடுகிறவன் நல்லசாமி. நாலே மரத் தொட்டில்; அதைச் சுற்றுவது அவனுடைய இரண்டு கை. உச்சிக்குப் போனவர்கள் எல்லாம் "அதோ கடலு!" என்று கூவுவார்கள். அவன் கழுத்தை எக்கிப் பார்த்தாலும் தென்னை மரங்கள்தான் தெரியும்.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் நவமணி தனியாகத்தான் வருவாள். ஒற்றை ஆள் ஏறினால் பாரம் ஒரு பக்கமாக இழுக்கும் என்று எதிர்த் தொட்டிலில் மண்மூட்டை ஒன்றை வைப்பான் நல்லசாமி. அவளுக்கு மட்டும் கூடுதலாகச் சுற்றுவான்.

போன மகத்தன்று அவள் இறங்கும்போது சிரித்தாள். "எப்பப் பாத்தாலும் மண்மூட்டதான் எனக்குத் தொணையா? நீங்க ஏறுனா என்னவாம்?"

"நான் ஏறுனா யாரு சுத்துறது, புள்ள?"

அவள் அந்தண்டை போனபிறகுதான் அவனுக்கு உறைத்தது.

இந்த வருஷம் சர்பத் கடை ரெங்கசாமியிடம் கெஞ்சிக் கூத்தாடி, சுற்றுவதற்கு அவனையே பிடித்துவிட்டான். சலவை வேட்டியோடு காத்திருந்தான். பிள்ளைகுட்டிகளோடு வந்தவர்கள் ஏறி இறங்கினார்கள். பொழுது சாய்ந்தது. நவமணி வரவில்லை.

"ஏறுறியா இல்லியா? இருட்டுது லா!" என்றான் ரெங்கசாமி.

நல்லசாமி ஏறினான். எதிர்த் தொட்டிலில் ரெங்கசாமி மண்மூட்டையைத் தூக்கி வைத்தான்.

உச்சியில் கடல் விரிந்து கிடந்தது. நல்லசாமி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோட்டத்துச் சாலையையே பார்த்தான்.

"இன்னொரு சுத்து சுத்துப்பா" என்றான்.