அடுப்பு ஏறாத உருண்டை

என் சித்திக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாது. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் என்று முருகனுக்கு நேர்ந்துகொள்கிற ஒருவருக்கு இதைவிட வசதியில்லாத வயிறு கிடைத்திருக்க முடியாது. முந்திய வருஷங்களில் வெறும் பழத்தோடு சமாளித்துப் பார்த்து எலும்பும் தோலுமாகிவிட்டார். எனக்குப் பத்து வயதான அந்த வருஷம் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார்: கச்சான் பால், நிலக்கடலையில் எடுக்கிற பால்.

இரவே ஊறப்போட்ட பச்சைக் கச்சானைத் தோல் உரித்து, கிரைண்டரில் தண்ணீர் விட்டு அடித்து, பழைய வேட்டித் துணியில் போட்டு முறுக்கிப் பிழிவார். வருகிற பாலைக் காய்ச்சி, பின்னேரம் கோயிலால் வரும் சித்திக்கு ஒரு கிளாஸ் கொடுப்பார். கூட ஒரு கதலிப்பழம். சித்தியின் ஒரு நாள் சாப்பாடு அவ்வளவுதான். துணிக்குள் மிஞ்சுகிற சக்கை கோழிகளுக்குப் போகும்.

சித்தியும் சித்தப்பாவும் சண்டிலிப்பாயில் எங்கள் வளவுக்குள்ளேயே, கிணற்றுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். சித்தப்பா வெங்காயம் போடுவார், கதைக்க மாட்டார். சித்தி இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைப்பார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதை ஒரு குறையென்று நான் நினைத்ததே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்த வீட்டின் ஒரே பிள்ளை நான்தான் என்கிறபோது எனக்கு என்ன குறை?

சித்தி ஏன் வருஷாவருஷம் இப்படிக் காய்கிறார் என்று அம்மாவிடம் கேட்டால், "உது பெரியாக்களின்ரை அலுவல். நீ போய்ப் படி" என்று துரத்துவார். நானே யோசித்தேன். சித்தப்பாவுக்குக் கனடா விசா கிடைக்கத்தான் என்று முடிவு கட்டினேன். எங்கள் ஒழுங்கை வீடுகளில் கடவுளிடம் கேட்பதற்கு அதைவிடப் பெரிய விஷயம் வேறு இருந்ததாக எனக்குத் தெரியாது.

எனக்கும் அந்த விரதத்தில் ஒரு பங்கு இருந்தது. கடைசி நாள் சூரன்போர். சூரனைத் தோளில் தூக்கிக்கொண்டு பெடியள் வீதி முழுக்க ஓட, ஒவ்வொரு தலையாகக் கழன்று விழும். அம்மா சனநெரிசலுக்குப் பயந்து என்னைக் கோயில் மதிலோடு ஒட்டி வைத்திருப்பார். அந்த முறை முன்னுக்குக் கூட்டிப் போவதாகச் சித்தி வாக்குக் கொடுத்திருந்தார்.

இரண்டாம் நாள் காலை, கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த சித்தி வாளியை விட்டுவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். முகத்தில் இரத்தமே இல்லை. சித்தப்பா தோட்டத்துச் சேற்றோடு ஓடி வந்து தாங்கிப் பிடித்தார்.

"இப்பிடியே இருந்தால் சூரன் விழ முதல் நீ விழுந்திடுவாய்" என்று அம்மா கத்தினார். "விடு பிள்ளை. முருகன் ஒண்டும் கோவிக்க மாட்டார்."

"நேர்ந்திட்டன் அக்கா. நான் பாதியிலை விட்டால் அவரும் பாதியிலை விட்டிடுவார்."

சித்தப்பா மிச்சத் தண்ணீரை அள்ளித் தொட்டியை நிரப்பினார்.

எனக்குப் பயம் பிடித்தது. சித்திக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயமும், அவர் படுத்துவிட்டால் என்னை யார் முன்னுக்குக் கூட்டிப்போவது என்ற பயமும் ஒன்றாகத்தான் வந்தன. எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள்.

அன்று பின்னேரம் அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு யூடியூபில் இறங்கினேன். எங்கோ வெளிநாட்டில் ஒரு பெண், பாதாமில் பால் எடுத்துவிட்டு மிஞ்சின சக்கையைப் பேரீச்சம்பழத்தோடு பிசைந்து, உருண்டை பிடித்து, பிரிட்ஜில் வைத்து எடுத்தார். அடுப்பே இல்லை. புரதமும் நார்ச்சத்தும் சக்கையில்தான் கிடக்கிறதாம், எறியக் கூடாதாம். எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. எங்கள் வீட்டில் தண்ணீரைச் சித்திக்குக் கொடுத்துவிட்டுச் சத்தைக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்!

முதல் உருண்டை வாழைப்பழத்தில். நானே மசித்துப் பிசைந்தேன். உருண்டையாக நிற்கவே இல்லை. கோப்பை முழுக்கக் கொழகொழவென்று பரவி, பச்சைக் கச்சான் மணத்தோடு கிடந்தது. கோழிகளுக்கு வைத்தேன். அவையும் கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டன.

"கண்டறியாத வேலை" என்றார் அம்மா. "சக்கையை நல்லாப் பிழிஞ்சு போட்டெல்லோ பிடிக்க வேணும்."

அடுத்த நாள் அம்மாவே துணியை இன்னும் இரண்டு முறுக்கு முறுக்கித் தந்தார். இந்த முறை பனங்கட்டியைச் சீவிப் போட்டு, வறுத்த எள்ளும் ஏலக்காயும் சேர்த்தேன். பச்சை மணம் போய்விட்டது. உருண்டை கல்லுப்போல நின்றது. அம்மா ஒன்றை வாயில் போட்டார், இரண்டாவதையும் எடுத்தார். நான் கோப்பையோடு கிணற்றைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

"சாப்பிடுங்கோ சித்தி. அடுப்பிலை வைக்கேல்லை. சமைக்காத சாப்பாடு, விரதத்துக்குப் பிழையில்லை."

சித்தி உருண்டையை முகர்ந்து பார்த்தார். அவர் வாய் ஊறியது எனக்குத் தெரிந்தது.

"எடி கெட்டிக்காரி, பனங்கட்டி எப்பிடி வாறது? காய்ச்சித்தானே? எள்ளு?"

"வறுத்தது" என்றேன். குரல் இறங்கிவிட்டது.

"அப்ப அடுப்பு ஏறினதுதானே. கொண்டுபோய்க் கொம்மாவுக்குக் குடு."

நான் விடவில்லை. பேரீச்சம்பழம் அடுப்பு ஏறாது, வெயிலில்தான் காய்கிறது. துருவின தேங்காய்ப்பூ ஏறாது. ஏலக்காய் ஏறாது. அவற்றை மட்டும் வைத்து அன்று இருட்டுவதற்குள் மூன்றாவது முறை பிடித்தேன். வெள்ளைத் தேங்காய்ப்பூவில் உருட்டியெடுத்தால் பார்க்கவே கோயில் பிரசாதம் மாதிரி இருந்தது. கொண்டுபோனபோது சித்தி படுத்திருந்தார். என் வாதத்தை முழுக்கக் கேட்டார், சிரித்தார்.

"வைச்சிட்டுப் போ பிள்ளை. எனக்குப் பசிக்கேல்லை."

அது பொய் என்று பத்து வயதிலும் தெரிந்தது. உருண்டைகளைப் பிரிட்ஜில் வைத்துவிட்டு அழுதேன்.

மறுநாள் காலை தூறல் மழைக்குள் சித்தப்பா சித்தியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போனார். தலைச்சுற்று நிற்கவில்லை, டொக்டரிடம் காட்டப் போகிறார்கள் என்றார் அம்மா. மத்தியானம் திரும்பி வந்ததும் சித்தி நேரே எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். வெளியே சித்தப்பா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி சிரித்துக்கொண்டு நின்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். விசா வந்துவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது.

சித்தி எங்கள் சாமியறை வாசலில் நிலத்தில் இருந்தார்.

"பிள்ளை, அந்த உருண்டை கிடக்கோ? கொண்டு வா."

கொண்டு வந்தேன். கோப்பையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். தொடவில்லை.

"நேற்றுச் சொன்னியே ஒரு அடுப்புக் கதை. அதைத் திரும்பச் சொல்லு."

"விரதத்துக்குச் சமைச்ச சாப்பாடுதானே கூடாது. அடுப்பு இல்லாமல் சமையல் இல்லை. கச்சான் ஊறினது மட்டுந்தான். பேரீச்சம்பழம் வெயிலிலை காய்ஞ்சது. தேங்காய்ப்பூ பச்சை. நீங்கள் குடிக்கிற பால்தான் அடுப்பிலை ஏறினது, சக்கை ஏறவே இல்லை. அப்ப பாலைவிட இதுதான் சுத்தமான விரதச் சாப்பாடு."

"கொஞ்சம் பலமாச் சொல்லு."

பலமாகச் சொன்னேன். பசியில் சித்திக்குக் காது அடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

சித்தி என் தோளைப் பிடித்து மெல்லச் சாமியறைப் பக்கம் திருப்பிவிட்டார். "இன்னொருக்கால். அவசரப்படாமல், ஆறுதலாச் சொல்லு."

சொன்னேன். வழக்கமாக என் வாய்க்கு யாராவது சிரிப்பார்கள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. சொல்லி முடித்த பிறகும் சித்தி சற்று நேரம் அசையாமல் இருந்தார், யாரோ மறுத்துப் பேச இடம் விடுகிறவரைப் போல. மழை ஓட்டில் பெய்துகொண்டிருந்தது. பிறகு முதல் உருண்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார். அடுத்தது. அதற்கடுத்தது.

"இன்னும் இருக்கோ பிள்ளை?" என்று வாசலில் நின்ற சித்தப்பா கேட்டார். அந்தக் கிழமை அவர் என்னோடு கதைத்த முதல் வசனம் அதுதான்.

அதன் பிறகு விரதம் முடியுமட்டும் எனக்கு உத்தியோகம் வந்துவிட்டது. பாலைக்கூட யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை, சக்கைதான் முக்கியம். சித்தப்பா தானே குந்தியிருந்து தேங்காய் துருவித் தந்தார். சூரன்போரன்று சித்தி கூட்டத்துக்குள் வரவில்லை, கோயில் மடத்து வாசலில் கதிரை போட்டு இருந்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். சித்தப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னுக்குப் போனார். எல்லாத் தலையும் விழுந்ததைப் பார்த்தேன். வகுப்பில் எல்லோரிடமும் என் வாதத்தால் சித்தி சாப்பிட்ட கதையைச் சொல்லித் திரிந்தேன்.

ஆடி மாதம் சித்தி ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு குழந்தையோடு வந்து இறங்கினார். எனக்கு ஒரு தங்கச்சி. கச்சான் உருண்டைக்கும் அவளுக்கும் ஏதும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போன விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஒரே கதையை ஏன் மூன்று முறை சொல்ல வைத்தீர்கள் என்று சித்தியைக் கேட்டேன். தங்கச்சியின் தலைமுடியைப் பின்னிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமலே சொன்னார்:

"டொக்டர் சொல்லிப்போட்டார், நல்லாச் சாப்பிட வேணுமெண்டு. விரதத்தை முறிக்கவும் பயம், உவளைப் பட்டினி போடவும் பயம். எனக்கு உன்னளவுக்குக் கதைக்க வராது. அதுதான் உன்னைக் கொண்டு கேப்பிச்சனான்."

நான் சித்தியோடுதான் வாதாடுகிறேன் என்று நினைத்திருந்தேன்.